கையில் 640 ரூபாய், மஞ்சள் பை நிறையக் காகிதம்

வாசகர் கேள்வி – பதில்
ஜூன் 2021

வட்ட வழங்கல் அலுவலகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். இந்தப் பக்கத்துக்கு வழக்கமாக வருபவை பட்டா மாறுதல், வாரிசுச் சான்றிதழ், குடும்ப அட்டையில் பெயர் நீக்கல் போன்ற கேள்விகள்தாம். மே 10ஆம் தேதி முழு ஊரடங்கு தொடங்கிய பிறகு வந்த கேள்விகள் வேறு மாதிரி. தபால் ஒழுங்காக வராததால் பலர் பத்திரிகை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறார்கள். உதவி ஆசிரியர் அவற்றை எழுதி எடுத்து அனுப்பினார். இரவு உட்கார்ந்து படித்துவிட்டுப் பட்டா கேள்விகளையெல்லாம் எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். அந்த வாசகர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

*

கேள்வி: என் கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஒன்பது வருடம் டெய்லராக இருந்தார். வயது 41. மே 19ஆம் தேதி கோவையில் அரசு மருத்துவமனையில் கொரோனாவால் இறந்துவிட்டார். இரண்டு பெண் பிள்ளைகள். ஏழாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். என் கையில் 640 ரூபாய் இருக்கிறது. வாடகை இரண்டு மாதம் பாக்கி. அவருடைய காகிதங்கள் ஒரு மஞ்சள் பையில் இருக்கின்றன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாரிடம் போய் என்ன கேட்பது?
— வாசகி, திருப்பூர்

பதில்: தங்கையே, உங்களிடம் நானே தொலைபேசியில் பேசினேன். அந்தப் பையைத் தரையில் கொட்டச் சொன்னேன். ஒவ்வொன்றாக எடுத்து நீங்கள் படிக்கப் படிக்க நான் இங்கே எழுதிக்கொண்டேன். இடையிடையே அழுதீர்கள், பெரியவள் வாங்கிப் படித்தாள். உங்களைப் போல இந்த மாதம் எத்தனையோ பெண்கள் அப்படி ஒரு பையோடு உட்கார்ந்திருப்பார்கள் என்பதால், நீங்கள் சம்மதித்தபடி, நாம் பேசியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அடுப்பு. உங்களுடையது அரிசி அட்டை. மே மாதம் கொடுத்த முதல் தவணை 2,000 ரூபாய் ஆட்டோவுக்கும் மருந்துக்கும் போய்விட்டது என்றீர்கள். இரண்டாம் தவணை 2,000 ரூபாயும் 14 மளிகைப் பொருள்களும் ஜூன் 15 முதல் ரேஷன் கடையில் தருகிறார்கள். கோதுமை மாவு, உப்பு, ரவை ஒவ்வொரு கிலோ. சர்க்கரை, உளுத்தம் பருப்பு, கடலைப் பருப்பு, புளி, டீத்தூள், கடுகு, சீரகம், மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், குளிக்கும் சோப்பு, துணி சோப்பு. பை எடுத்துக்கொண்டு போங்கள். அட்டையில் பெயருள்ள யார் போனாலும் தர வேண்டும். கணவர் பெயரை முதலில் நீக்கிவிட்டு வா என்று யாரும் உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. அப்படி யாராவது சொன்னால் அங்கேயே நின்று 1967 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

உங்கள் அட்டையில் படத்துக்குப் பக்கத்தில் பி.எச்.எச். என்ற மூன்று எழுத்து இருப்பதாகப் பெரியவள் படித்துச் சொன்னாள். அது முன்னுரிமைக் குடும்பம். பிரதமரின் கரீப் கல்யாண் திட்டத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ கூடுதலாக விலையில்லாமல் உண்டு. மே, ஜூன் மாதங்களுக்கென்று அறிவித்ததை இப்போது நவம்பர் வரை நீட்டித்திருக்கிறார்கள். பள்ளி மூடிக் கிடந்தாலும் சத்துணவு உரிமை மூடவில்லை. இரு பிள்ளைகளுக்கும் அரிசி, பருப்பு, முட்டை எப்போது தருகிறார்கள் என்று தலைமையாசிரியரைக் கேளுங்கள்.

இனி காகிதம். எல்லாவற்றுக்கும் தாய் இறப்புச் சான்றிதழ்தான். உயிர் பிரிந்த ஊரில்தான் இறப்பைப் பதிவு செய்வார்கள். அதனால் உங்களுக்குக் கோவை மாநகராட்சியில் கிடைக்கும். திருப்பூரில் தேடி அலைய வேண்டாம். சான்றிதழில் நோயின் பெயர் இருக்காது. ஆகவே கொரோனா உறுதியான பரிசோதனைத் தாள், சி.டி. ஸ்கேன் அறிக்கை, மருத்துவமனை கொடுத்த இறப்புச் சுருக்கம் மூன்றையும் தனியே ஒரு உறையில் போட்டு வையுங்கள். ஸ்கேன் படத்தைப் பார்க்க மனம் வராமல் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். அலமாரி மேல் வையுங்கள், கண்ணில் படாத இடமாக.

அடுத்து வங்கிப் புத்தகம். போன ஆண்டு மே, ஜூன் பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். "12 ரூபாய் எடுத்திருக்கிறார்கள்" என்றாள் பெரியவள். அது விபத்துக் காப்பீடு. நோயால் இறந்தவருக்குப் பொருந்தாது. இன்னொரு வரி இருக்கிறதா பார் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பி.எம்.ஜே.ஜே.பி.ஒய்., முந்நூற்று முப்பது" என்று ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். தங்கையே, அந்த 330 ரூபாய் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. கணக்கு தொடங்கிய அன்று வங்கியில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், அவரே மறந்திருப்பார். 2 லட்சம் ரூபாய் உங்களுக்கு வர வேண்டும். காப்பீட்டுக் கம்பெனியைத் தேட வேண்டியதில்லை. அவர் கணக்கு வைத்திருந்த வங்கிக் கிளையிலேயே படிவம் தருவார்கள், அங்கேயே கொடுக்கலாம். இந்தப் பக்கத்தைப் படிக்கிற, வீட்டில் இறப்பு நடந்த எல்லோரும் இன்றே ஒரு முறை அந்தப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். புத்தகம் பதியாமல் கிடந்தால் வங்கியில் கணக்கு விவரம் கேளுங்கள். கணவனின் கணக்கில் 330 ரூபாய் பிடித்தது தெரியாமலே காலத்தை ஓட்டுகிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

பையில் சம்பளச் சீட்டு இருந்தது. அதில் பி.எஃப். எண்ணும் இ.எஸ்.ஐ. எண்ணும் இருக்கின்றன. பி.எஃப். என்றால் அவர் கணக்கில் சேர்ந்த பணம் மட்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். அதில் மூன்று இருக்கிறது. சேர்ந்த பணம் ஒன்று. மனைவிக்கு மாத ஓய்வூதியமும், இரு பிள்ளைகளுக்கு 25 வயது வரை தனி ஓய்வூதியமும் இன்னொன்று. மூன்றாவது, பி.எஃப். உறுப்பினர் வேலையில் இருக்கும்போதே இறந்தால் வரும் காப்பீட்டுத் தொகை. இதன் உச்ச வரம்பை இந்த ஏப்ரலில்தான் 7 லட்சமாக உயர்த்தினார்கள். இறப்பதற்கு முன் 12 மாதம் தொடர்ந்து வேலையில் இருந்தவர் என்றால் குறைந்தது இரண்டரை லட்சம். மூன்றையும் ஒரே படிவத்தில் கேட்கலாம். கம்பெனியில் கையெழுத்து வாங்கத்தான் போகிறீர்கள், தயவு கேட்க அல்ல. மேலாளர் முன்னால் நின்று பேசத் தயக்கமாக இருந்தால் அவரோடு வேலை பார்த்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இ.எஸ்.ஐ. அட்டையில் குடும்பப் படம் இருக்கிறது என்றீர்கள், நான்கு பேரும். ஈமச்சடங்குச் செலவாக 15,000 ரூபாய் இ.எஸ்.ஐ.யில் உண்டு. இது போக, கொரோனாவால் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்கு அவருடைய சராசரிக் கூலியில் 90 சதவீதத்தை மாத ஓய்வூதியமாகத் தருவதாக மே 30ஆம் தேதி மத்திய அரசு அறிவித்திருக்கிறது. நோய் கண்டறிவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே இ.எஸ்.ஐ.யில் பதிந்திருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. அவர் ஒன்பது ஆண்டு. பரிசோதனைத் தாளைப் பத்திரமாக வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

பிள்ளைகளுக்கு. கொரோனாவுக்குத் தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தையின் பெயரில் 5 லட்சம் வைப்புத்தொகை, ஒருவரை இழந்திருந்தால் மீதமிருக்கும் தாய் அல்லது தந்தையிடம் 3 லட்சம் என்று மே 29 அன்று முதல்வர் அறிவித்தார். இதற்கு மனு கொடுக்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. கலெக்டர் அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். 1098க்குப் பேசினாலும் விவரம் கிடைக்கும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள வீட்டில் சம்பாதித்தவர் இறந்தால் ஒரு முறை தரும் 20,000 ரூபாய் உதவியும் இருக்கிறது, அது வட்டாட்சியர் அலுவலகத்தில். வாரிசுச் சான்றிதழையும் அங்கேதான் வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள்.

ஒன்று மட்டும் கெட்டியாகச் சொல்கிறேன். இரண்டு லட்சம், ஏழு லட்சம் என்ற எண்கள் காதில் விழுந்ததும் உதவுகிறேன் என்று ஆள் வருவார்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அசல் காகிதம் எதையும் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். நான் சொன்ன எந்த உதவிக்கும் யாருக்கும் கமிஷன் தர வேண்டியதில்லை. பணம் வர சில மாதம் ஆகலாம். வீட்டுக்காரரிடம் படிவம் கொடுத்த ஒப்புகைச் சீட்டைக் காட்டி அவகாசம் கேளுங்கள். நானும் அவரோடு பேசத் தயாராக இருக்கிறேன்.

*

கேள்வி: "நிவாரணத் தொகை 4,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்கில் ஏற்ற வேண்டும், வந்திருக்கும் ஆறு இலக்க எண்ணைச் சொல்லுங்கள்" என்று ஒருவர் பேசினார். சொல்லலாமா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: சொல்லவே கூடாது. நிவாரணத் தொகை வங்கிக்கு வருவதே இல்லை. ரேஷன் கடையில், உங்கள் கையில், நோட்டாகத் தருகிறார்கள். டோக்கனைக் கடைப் பணியாளர் வீட்டுக்கு வந்து கொடுப்பார். தொலைபேசியில் யார் கேட்டாலும், எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும், அந்த எண்ணைக் கொடுத்தால் இருக்கிற பணமும் போய்விடும்.

*

கேள்வி: தனியார் மெட்ரிக் பள்ளியில் 14 வருடம் கணித ஆசிரியர். போன ஆண்டு பாதிச் சம்பளம், இந்த ஏப்ரலுக்குப் பிறகு அதுவும் இல்லை. எங்களுடையது சர்க்கரை அட்டை. அப்பா காலத்தில் வாங்கியது. அதனால் 4,000 ரூபாய் எங்களுக்குக் கிடையாது என்றார்கள். தெருவில் உணவுப் பொட்டலம் கொடுக்கிறார்கள். என் மாணவர்களே கொடுக்கிறார்கள். எப்படிப் போய் நிற்பது? மனைவிக்கும் எனக்கும் ஒரு வேளைச் சாப்பாடு குறைந்துவிட்டது. மகனுக்குத் தெரியாது.
— பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைத்தான் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன்.

நான் 2020 ஏப்ரல் 30 அன்று ஓய்வு பெற்றேன். பணியின் கடைசி மாதம் முழுவதும் டோக்கன் மாதம். அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும் விலையில்லாப் பொருள்களும் ஏப்ரல் 2 முதல் கொடுத்தோம். ஒரு கடையைப் பார்வையிடப் போயிருந்தேன். தெருவில் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தார்கள். வெயில் தாங்காமல் ஆட்கள் எல்லோரும் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். வட்டத்துக்குள் அவர்களுடைய செருப்புகளும் பைகளும் வரிசையில் நின்றன. எதிர்ச்சாரியில், மூடிய ஒரு கடையின் படியில், இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவர் காதில் செல்போனை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தேன், அப்படியே நின்றார். பேசுவதாகத் தெரியவில்லை. அருகே போய், "டோக்கன் வைத்திருக்கிறீர்களா?" என்றேன். "பக்கத்து வீட்டுக்காரருக்காக வந்தேன்" என்றார். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த டோக்கனில் இருந்தது அவர் பெயர்தான் என்று கடையில் பதியும்போது தெரிந்தது. நானே வாங்கி வந்து அவர் பையில் போட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பணம் அவர் கட்டிய வரியிலிருந்து வந்தது என்று அன்று அவரிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். உங்களிடம் சொல்கிறேன். பதினான்கு வருடம் நீங்கள் வாங்கிய ஒவ்வொரு சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி கட்டியிருக்கிறீர்கள்.

இப்போது காரியம். உங்களுக்கு உடனே கைக்கு வரக்கூடியது பி.எஃப். பள்ளி பிடித்தம் செய்திருந்தால், கொரோனாவுக்கான முன்பணமாக மூன்று மாதச் சம்பளம் அல்லது கணக்கில் உள்ளதில் 75 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதை எடுக்கலாம். திருப்பிக் கட்ட வேண்டாம். போன ஆண்டே எடுத்துவிட்டேன் என்று விட்டுவிடாதீர்கள். இரண்டாம் முறையும் எடுக்கலாம் என்று மே 31 அன்று அறிவித்துவிட்டார்கள். பள்ளியைக் கேட்க வேண்டியதில்லை. ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்திருந்தால் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்ற போன டிசம்பர் 5 முதல் 20 வரை அவகாசம் கொடுத்திருந்தார்கள். உங்களுக்கு அது தெரியாமல் போயிருக்கிறது. இப்போதும் வட்ட வழங்கல் அலுவலருக்கு மனு எழுதுங்கள். வருமானம் நின்ற தேதி, வீட்டில் எத்தனை பேர் என்று இரண்டு பத்தி போதும். கணித ஆசிரியருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். அரசு மறுபடி அவகாசம் அறிவித்தால் உங்கள் மனு ஏற்கெனவே மேசையில் இருக்கும்.

மாணவர்கள் பொட்டலம் கொடுக்கிறார்கள் என்றீர்களே. அவர்களில் ஒருவனை மாலையில் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். உள்ளதைச் சொல்லுங்கள். உங்களிடம் படித்த பையன் மறுநாள் வாசலில் கொண்டுவந்து வைப்பான், யாரிடமும் சொல்ல மாட்டான். இன்றிரவு நீங்களும் உங்கள் மனைவியும் சாப்பிட வேண்டும். மகனுக்குத் தெரியாது என்று நீங்கள் நினைக்கிறீர்கள், பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

*

கேள்வி: பெருந்துறையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த கட்டடத்தில் ஒடிசாவைச் சேர்ந்த ஒன்பது இளைஞர்கள் இருக்கிறார்கள். ஆலை மூடிக் கிடக்கிறது. காண்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை. என் மாமியார் தினமும் ரசம் சோறு கொடுக்கிறார், எத்தனை நாள் முடியும்? இவர்களுக்கு இங்கே அரசு எதுவும் தருமா?
— வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: உங்கள் மாமியாருக்கு என் வணக்கம். அவர்களுக்குப் புழுங்கல் அரிசிதான் பழக்கம். நம் பழைய சோறு போல அங்கே பகாளா என்று ஒன்று உண்டு. நீராகாரம் கொடுத்துப் பாருங்கள், ஊர் நினைவு வந்துவிடும்.

ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஒடிசா அதற்கு முன்பே சேர்ந்துவிட்டது. ஊரில் இவர்கள் குடும்பத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அட்டை இருந்து, அதில் இவர்களுடைய ஆதார் இணைந்திருந்தால், உங்கள் தெரு ரேஷன் கடையிலேயே விரல் ரேகை வைத்துத் தங்கள் பங்கை வாங்கலாம். அட்டை கையில் இருக்க வேண்டியதில்லை, எண் போதும். ஊருக்குப் போன் செய்து அம்மாவிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஊரில் உள்ளவர்கள் தங்கள் பங்கை அங்கே வாங்கிக்கொள்ளலாம், ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது. கடைக்காரர் தெரியாது என்றால் கோபித்துக்கொள்ளாமல் வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் பேசுங்கள். சில கடைகளில் இப்படி ஒரு ஆள்கூட இதுவரை வந்திருக்க மாட்டார், பணியாளருக்கே செய்து பழக்கம் இராது.

அட்டையே இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கு நாடு முழுவதும் உலர் உணவுப் பொருள் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மே 24 அன்று உத்தரவிட்டது. 1077 என்பது மாவட்டக் கட்டுப்பாட்டு அறை. ஒன்பது பேர், இந்த முகவரி, ஆலை மூடியது, சமைக்க அடுப்பு உண்டு அல்லது இல்லை என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். தொழிலாளர் துறைக்கும் ஒரு மனு கொடுங்கள், காண்ட்ராக்டர் பெயரையும் பாக்கிக் கூலியையும் எழுதி. அவர்களுக்குத் தமிழ் எழுதத் தெரியாது என்பதால்தான் காண்ட்ராக்டர் போனை எடுக்காமல் இருக்கிறார். நீங்கள் எழுதிக் கொடுத்தால் நிலைமை மாறும்.

*

கேள்வி: நான் திருநங்கை. கடை கடையாகக் காசு கேட்கப் போக முடியவில்லை. ரேஷன் அட்டை இல்லை, வீட்டில் பெயரை நீக்கிவிட்டார்கள். எனக்கு நிவாரணம் உண்டா?
— மதுரை

பதில்: உண்டு, அம்மா. குடும்ப அட்டை இல்லாத திருநங்கைகளுக்கும் 2,000 ரூபாய் தர இந்த மாதம் அரசு உத்தரவிட்டிருக்கிறது. 8,493 பேர் பட்டியலில் இருக்கிறார்கள். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா பாருங்கள். நல வாரிய அடையாள அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். இதோடு நிற்காமல், ஆதாரையும் இருக்கும் வீட்டின் முகவரிச் சான்றையும் வைத்துத் தனிக் குடும்ப அட்டைக்கு விண்ணப்பியுங்கள். தனியாக வாழும் திருநங்கைக்கு நானே அட்டை கொடுத்திருக்கிறேன். அட்டையை வாங்கியவர் தன் பெயர் அச்சான இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

*

கேள்வி: அப்பா சேலத்தில் தனியார் மருத்துவமனையில் கொரோனாவுக்குச் சேர்ந்திருக்கிறார். முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. ஆனாலும் முன்பணம் கேட்கிறார்கள்.
— வாசகர், ஆத்தூர்

பதில்: தனியார் மருத்துவமனையில் கொரோனா சிகிச்சைச் செலவும் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும், மே 7ஆம் தேதி புதிய முதல்வர் கையெழுத்திட்ட முதல் ஐந்து ஆணைகளில் இது ஒன்று. ஆனால் அந்த மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்ததாக இருக்க வேண்டும். 1800 425 3993க்கு இப்போதே பேசிக் கேளுங்கள். சேர்ந்ததுதான் என்றால் அங்கே காப்பீட்டுக்கென்று ஒரு மேசை இருக்கும். அட்டையை அங்கே காட்டுங்கள், பணம் கட்டும் இடத்தில் காட்டிப் பயனில்லை. முன்பணம் கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். அட்டை இல்லாத மற்ற வாசகர்களுக்கு: ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் என்றால் வருமானச் சான்று பெற்று இந்த அட்டையை வாங்கலாம்.

*

கேள்வி: நாங்கள் எட்டுப் பெண்கள் குழுக் கடன் வாங்கியிருக்கிறோம். வாரத் தவணை. கட்ட முடியவில்லை. வசூல் செய்பவர் என் வீட்டுத் திண்ணையில் இரவு வரை உட்கார்ந்திருக்கிறார். அரிசி வாங்க வைத்திருந்ததைக் கொடுத்துவிட்டேன்.
— வாசகி, கடலூர் மாவட்டம்

பதில்: இனி அரிசிக் காசைக் கொடுக்காதீர்கள். நுண்கடன் நிறுவனங்கள் பொதுவான ஒரு மையத்தில்தான் தவணை வசூலிக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ நீங்கள் மையத்துக்கு வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வந்தாலும் மிரட்டவோ அவமானப்படுத்தவோ கூடாது. திண்ணையில் உட்கார்ந்து ஊர் பார்க்க வைப்பதும் அவமானப்படுத்துவதுதான். எட்டுப் பேரும் சேர்ந்து கையெழுத்திட்டு, கடன் தவணையை மாற்றி அமைக்கும்படி நிறுவனத்துக்கு எழுதுங்கள். மார்ச் 31 வரை ஒழுங்காகக் கட்டி வந்தவர்களுக்கு அப்படி மாற்றித் தர ரிசர்வ் வங்கி மே 5 அன்று அனுமதித்திருக்கிறது. செப்டம்பர் 30 வரை கேட்கலாம். தவணை தள்ளிப் போனால் வட்டி கூடும், அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். மனுவின் நகல் கலெக்டருக்கு. இந்தத் தவணையைக் கட்ட வேறொருவரிடம் கந்துவட்டிக்கு வாங்கிவிடாதீர்கள். வாங்கியிருந்தால் அவர்மேல் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸில் புகார் கொடுக்கலாம்.

எட்டுப் பேரில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஏழு பேரும் அவளைத் திட்டுவது வழக்கம். இந்த மாதம் அது வேண்டாம்.

*

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 22,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். அரிசி வாங்கிக் கொடுக்கலாமா?
— வாசகி (ஊர் எழுதவில்லை)

பதில்: அரிசி வேண்டாம். அரிசி ரேஷனில் வருகிறது. ரேஷன் பையில் இல்லாதவற்றைக் கொடுங்கள். கேஸ் சிலிண்டர். சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை. கைக்குழந்தை வீட்டுக்குப் பால். வயது வந்த பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நாப்கின். இதை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், நீங்களாகவே பையில் வையுங்கள். செல்போனுக்கு ரீசார்ஜ், அது இல்லாமல் நான் மேலே எழுதிய எந்த எண்ணுக்கும் பேச முடியாது. பிறகு ஜெராக்ஸ். கடைகள் மூடிக் கிடக்கும் இந்த நாளில் ஒரு விதவைக்கு இறப்புச் சான்றிதழ் பத்து நகல், ஆதார் பத்து நகல், வங்கிப் புத்தக முதல் பக்கம் பத்து நகல் எடுத்துக் கொடுத்தால் அது பெரிய உதவி. உங்கள் குடியிருப்பில் யார் வீட்டிலாவது பிரிண்டர் இருக்கும்.

ஊரை எழுதி மறுபடி ஒரு கடிதம் போடுங்கள். திருப்பூர் பக்கம் என்றால், அந்தத் தங்கை சம்மதித்தால், ஒரு வீட்டைச் சொல்கிறேன். வாடகை இரண்டு மாதம் பாக்கி.